எமிலியானுசுக்கு ஒரு பங்கு

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய எமிலியானுஸ், வந்த மறுநாள் காலையே அரிப்பு ஊர்க் கரைக்குப் போனார். பழைய முகங்கள் அதிகம் இல்லை. ஒரு படகடியில் மூன்று இளந்தாரிகள் மீன் விற்ற காசைச் சாக்கின்மேல் கொட்டிப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்:

“எமிலியானுசுக்கு எடுத்து வைச்சாச்சோ?”

“ஓம், அந்தாளுக்குத்தானே முதல் வைக்கிறது. பேந்துதான் நாங்கள்.”

கொஞ்சக் காசு ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போனது. எமிலியானுஸ் அருகே போய் நின்றார். தொண்ணூறாம் ஆண்டு வள்ளம் ஏறியபோது யாருக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“தம்பியவை, நான்தான் எமிலியானுஸ். எனக்கேன் பங்கு?”

மூவரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். “ஐயா, நீங்கள் உண்மையான ஆளோ? நாங்கள் சும்மா ஒரு பேர் எண்டெல்லோ நினைச்சிருந்தம்!” என்று ஒருவன் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னான். மற்றவன் எழுந்து நின்று, “கோவிக்காதேங்கோ ஐயா. சங்கத்து அருளக்காவைக் கேளுங்கோ. அவதான் உங்களைப் படகிலை ஏத்தினவ,” என்றான்.

அருளக்கா என்பது அருள்நாயகி. மீனவர் சங்கத்தின் கிளாக்கர். எமிலியானுஸ் சங்கத்துக் கந்தோர் வாசலில் வந்து நின்று பெயரைச் சொன்னதும் அவள் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் பிளேன்ரீ சொல்லி, கதையை முதலிலிருந்து சொன்னாள்.

*

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. அருள்நாயகிக்கு இருபத்தொன்பது வயது. கணக்கு எழுதுவதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடப்பெயர்வுக்குப் பிறகு அரைக் கூரையோடு நின்ற சங்கக் கட்டடத்துக்குள், கறையான் தின்றது போக மிஞ்சிய பழைய பேரேடுகளைப் புரட்டிப் புரட்டித் தானே பிடித்துக்கொண்டாள். ஒரு தொகை பிசகினால் சாப்பிடப் போகமாட்டாள். அவளுடைய கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். மன்னாரில் அரச அலுவலகமான கச்சேரியில்கூட, “இது அரிப்புச் சங்கத்துக் கடிதம்” என்று உறையைப் பார்த்தே சொல்வார்கள்.

சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. முழுச் சமாதானம் என்று யாரும் நம்பவில்லை. ஆனாலும் பாதை திறந்திருந்தது, கடலுக்குக் கெடுபிடி குறைந்திருந்தது, மன்னார் ரவுணுக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பி வரலாம். அந்த இரண்டு மூன்று வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் அருள்நாயகிக்கு முதலில் ஞாபகம் வருவது வெள்ளை ரெஜிபோம். புதிய ரீவிப் பெட்டிக்குள் வைத்து வருகிற கட்டிகள். வீடு வீடாகப் பெட்டி உடைக்க உடைக்க, சின்னப்பிள்ளைகள் அந்தக் கட்டிகளைக் கொண்டுபோய் அலையில் மிதக்கவிட்டு, அதன்மேல் ஏறிக் கவிழ்ந்து, கத்திச் சிரிப்பார்கள். கரை முழுவதும் வெள்ளை உருண்டைகள் உதிர்ந்து கிடக்கும். அதுவரை அந்தப் பிள்ளைகள் கரையில் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

ரீவிகள் வந்தது ஒரு அட்டையால். ரவுணில் புதிதாகத் திறந்த ‘நவயுகம்’ என்ற கடை இளம் ஆட்களுக்கு றோஸ் நிறத்தில் ஒரு அட்டை கொடுத்தது. அதைக் காட்டி அறுபதினாயிரம் ரூபா வரைக்கும் சாமான் எடுக்கலாம். மாதம் குறைந்தது இரண்டாயிரம் கட்டினால் போதும். சட்டைப் பையில் அந்த அட்டையின் மேல்விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பெடியள் ஞாயிறு பூசைக்கு வந்தார்கள்.

அட்டைக்கு ஒரு பிணைக் கையெழுத்து வேண்டும், மாதச் சம்பளக்காரராய் இருக்க வேண்டும். ஊரில் மாதச் சம்பளம் எடுப்பவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். பெடியள் அருள்நாயகியிடம் வந்தார்கள். முதலில் வந்தவன் வின்சன்ட். இருபத்திரண்டு வயது. தகப்பன் போர்க்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். தாய் செபஸ்தியம்மா தன் தாலிக்கொடியை விற்று வாங்கிக் கொடுத்த பதினைந்து குதிரைவலுப் படகு மிசின்தான் அவனுடைய முழுச் சொத்து.

“அக்கா, உங்கடை கையெழுத்தெண்டால் கேள்வி இல்லாமல் தருவினமாம். கடைக்காரரே சொன்னவர்.”

அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. பிறகெல்லாம் அவள் தன்னையே நொந்துகொண்டது அந்த இனிப்புக்காகத்தான். விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். ஈடு என்ற இடத்தில், வின்சன்ரின் கடற்படைப் பாஸைப் பார்த்து மிசினின் எண்ணைத் தன் அழகான எழுத்தில் பதிந்தாள். நாலு, ஒன்று, ஏழு, சைபர், ஆறு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினொரு நிபந்தனை இருந்தது. அவள் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. அந்த மாதம் ஏழு பேருக்குக் கையெழுத்து வைத்தாள்.

வின்சன்ட் எடுத்தது: ரீவி பத்தொன்பதாயிரம், டிவிடி டெக் ஆறாயிரத்து ஐந்நூறு. ஊருக்கு மின்சாரம் வராதபடியால் ஜெனரேற்றர் பன்னிரண்டாயிரம். ஒரு கைத்தொலைபேசி பத்தாயிரம். மொத்தம் நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. தொலைபேசிக்கு ஊரில் சிக்னல் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு மேட்டில் ஏறி வடக்கே பார்த்து நின்றால் சிலவேளை கிடைக்கும்.

“என்னடா, கொக்கு மாதிரி நிக்கிறாய்?” என்று கிறகரி கேட்பான்.

“கதைக்கிறன்ரா.”

“ஆரோடை?”

“இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை.”

கிறகரி வெள்ளாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். வின்சன்ரின் படகில் அவனும் வலன்ரைனும்தான் மற்ற இரண்டு ஆட்கள். நிரந்தர விலாசம் இல்லை என்று கடை கிறகரிக்கு அட்டை கொடுக்கவில்லை. அன்றைக்கு அவன் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்ததை ஊரே கண்டது.

*

அவர்கள் விட்ட பிழை வேறெங்கும் யாரும் விட்டிருக்கமாட்டார்கள். சங்கத்தில் வலைக் கடன் எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். வலைக் கடனில் வட்டியை முதலே கூட்டி, இருபத்துநாலு தவணையாய்ப் பிரித்து, தவணைக்கு ஒரு கட்டம் போட்ட அட்டை கொடுப்பார்கள். கட்டம் முடிந்தால் கடன் முடிந்தது. றோஸ் அட்டையிலும் கட்டங்கள் இருந்தன. ஆகவே இரண்டாயிரம்படி இருபத்துநாலு மாதம் கட்டினால் சரி என்றே வின்சன்ட் நினைத்தான். கட்டம் போட்ட அட்டைகளை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த அருள்நாயகியும் அப்படித்தான் நினைத்தாள்.

எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினான். அடுத்த வருடம் சோளகக் காற்று வழக்கத்தைவிட மூர்க்கமாய் வீசியது. யூனிலும் யூலையிலும் படகு கரையிலேயே கிடந்தது. இரண்டு மாதம் கட்டவில்லை. ஓகஸ்டில் கடிதம் வந்தது. ஒரு பிரதி வின்சன்ருக்கு, ஒரு பிரதி பிணைகாரிக்கு.

நிலுவை ஐம்பத்தோராயிரத்து நானூறு. இரண்டு கிழமைக்குள் ஒழுங்கு செய்யாவிட்டால் ஈடாகக் காட்டிய மிசின் எடுக்கப்படும். மிச்சத்துக்குப் பிணைகாரரின் சம்பளம் மறிக்கப்படும்.

வின்சன்ட் கடிதத்தைப் பிடித்த பிடியில் கந்தோருக்கு ஓடிவந்தான்.

“அக்கா, கடை பிழையா எழுதிப்போட்டுது. நாற்பத்தேழுதானே எடுத்தனான்? பதினாறாயிரம் கட்டியிட்டன். முப்பத்தொண்டல்லோ வரவேணும்?”

“இரு தம்பி, பாப்பம்.”

அவள் அப்போதுதான் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினாள். நிலுவைக்கு மாதம் நூற்றுக்கு நாலு வட்டி. வருடத்துக்கு அல்ல, மாதத்துக்கு. ஒரு பயிற்சிக் கொப்பியைத் திறந்து, மாதம் மாதமாக எழுதத் தொடங்கினாள். முதல் மாதம் வட்டி ஆயிரத்துத் தொள்ளாயிரம், கட்டியது இரண்டாயிரம். குறைந்தது நூறு ரூபா. எட்டாம் மாதத்துக்கு வந்தபோது பதினாறாயிரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான் கடனில் குறைந்திருந்தது. பிறகு கட்டாத இரண்டு மாதத்தின் வட்டி, தாமதக் கட்டணம் ஐந்நூறும் ஐந்நூறும். கடைசி வரியில் ஐம்பத்தோராயிரத்து நானூறு வந்தது. கடை பிழை விடவில்லை.

இனிமேல் இரண்டாயிரம் கட்டிக்கொண்டு போனால் எப்போது முடியும் என்று பார்க்க அடுத்த பக்கத்தில் தொடர்ந்தாள். எழுத எழுதத் தொகை இறங்கவில்லை, ஏறியது. எங்கோ பிசகிவிட்டது என்று முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் ஏறியது. ஐம்பத்தோராயிரத்து நானூறுக்கு மாத வட்டியே இரண்டாயிரத்து ஐம்பத்தாறு. கட்டுகிற இரண்டாயிரம் வட்டிக்கே காணாது. மூன்றாம் பக்கத்தில் பேனையை மூடிவிட்டாள்.

“என்னக்கா, எத்தினை மாசம் வருது?”

“வராது தம்பி. இப்பிடிக் கட்டினால் உன்ரை பிள்ளையும் கட்டும்.”

வின்சன்ட் கடிதத்தை மறுபடி எடுத்து, மிசின் என்ற சொல்லில் விரலை வைத்தான். ஐம்பதினாயிரத்தைவிட அவனைக் கலக்கியது மிசின். மிசின் போனால் மிசின் மட்டும் போவதில்லை. கடற்படை கொடுக்கிற பாஸில் படகின் எண், மிசினின் எண், மூன்று ஆட்களின் பெயர் மூன்றும் இருக்கும். மிசின் எண் இல்லாத படகுக்குப் பாஸ் இல்லை. புதுப் பாஸுக்கு எழுதிப்போட்டால் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். நாட்டில் மறுபடி அங்குமிங்கும் துப்பாக்கிச் சூடு விழுகிற செய்தி வந்துகொண்டிருந்த நேரம். கிடைக்குமோ என்பதே நிச்சயமில்லை.

*

சனிக்கிழமை நானாட்டான் வழியாகப் போகிற பஸ்ஸில் இருவரும் மன்னாருக்குப் போனார்கள். கடையின் முகாமையாளர் அமிர்தநாயகம் அமைதியான மனிதர். இருக்கச் சொல்லி, சோடா எடுப்பித்தார்.

“மிஸ், நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. பின்பக்கம் எல்லாம் தமிழிலைதானே கிடக்கு. வாசிச்சுப் பாத்தனீங்களோ?”

“வாசிச்சனான். பதினொரு மாசம் பிந்தி.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருள்நாயகி சிரிக்கவில்லை. ஆறாம் நிபந்தனையில் விரலை வைத்தாள். எந்த நாளிலும் கூடுதலாகக் கட்டலாம், கட்டிய நாளிலிருந்து வட்டி குறையும் என்று அதில் இருந்தது. பத்தாம் நிபந்தனையில் விரலை வைத்தாள். அட்டைக்காரர் கேட்டால் மேலும் சாமான் எடுப்பதை நிறுத்தலாம். இரண்டையும் காட்டி மூன்று காரியம் கேட்டாள். கிழமைக் கிழமை காசு வருகிற வரைக்கும் மிசினில் கை வைக்கக் கூடாது. இந்த அட்டைக்கு இனிச் சாமான் கொடுக்கக் கூடாது. போட்ட தாமதக் கட்டணத்தைக் கழிக்க வேண்டும்.

மூன்றாவதற்கு அவர் மாட்டேன் என்றார். முதல் இரண்டையும் கடிதத்தின் பின்னால் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

“சீல்?” என்றாள்.

“என்ன மிஸ், என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“உங்களிலை இருக்கு. என்னிலைதான் இல்லை. ஒருக்கா வாசிக்காமல் கையெழுத்து வைச்சவள் நான்.”

சீல் விழுந்தது. பிறகு அவர் கத்தரிக்கோலை எடுத்து றோஸ் அட்டையின் ஒரு மூலையை வெட்டினார். வின்சன்ட் பல்லுப் பிடுங்கக் கொடுத்தவனைப் போல முகத்தைச் சுளித்தான். வருகிற வழியில் நானாட்டானில் இறங்கி, கடனுக்குக் கட்டவென்று தொலைபேசியை ஒரு ஆசிரியருக்கு ஆறாயிரத்துக்கு விற்றார்கள். ஆசிரியரின் வீட்டில் சிக்னல் இருந்தது.

*

கிழமைக் கிழமை காசுக்கு எங்கே போவது என்பதுதான் மிச்சக் கேள்வி. மண்ணெண்ணெய்ச் செலவு போக நல்ல நாளொன்றில் அந்தப் படகுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு. ஐந்து பங்கு: படகுக்கும் மிசினுக்கும் ஒன்று, வலைக்கு ஒன்று, ஆட்களுக்கு மூன்று. படகுப் பங்கு திருத்த வேலைக்கும் வலைப் பங்கு சங்கத்து வலைக் கடனுக்கும் போய்விடும். வின்சன்ரின் கைக்கு வருவது ஐந்நூற்று நாற்பது. அதிலேதான் தாயும் தங்கச்சியும் சீவிக்க வேண்டும். மாத முடிவில் மிஞ்சியதைக் கடனுக்குக் கட்டுவது என்றால், மாத முடிவில் ஒருநாளும் ஒன்றும் மிஞ்சியதில்லை.

அருள்நாயகி படகடிக்குப் போனாள். மூவரும் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மணலில் ஐந்து கோடு போட்டாள். பக்கத்தில் ஆறாவதாய் ஒரு கோடு.

“கடனையும் ஒரு ஆளா ஏத்துங்கோ. மீன் பட்டால் அவனுக்கும் ஒரு பங்கு. படாட்டி அவனுக்கும் இல்லை. ஆனா பங்கு பிரிக்கேக்கை முதல் எடுக்கிறது அவன்ரை.”

வலன்ரைன் வாய்க்காரன். கணக்கு உடனே ஓடியது. “ஆறாய்ப் பிரிச்சால் நானூற்றைம்பது. எனக்கு நாளுக்குத் தொண்ணூறு ரூபா போகுது! வின்சன்ட் ரீவி வாங்கினதுக்கு நான் ஏன் குடுப்பான்?”

“நீ அந்த ரீவியிலை படம் பாக்கேல்லையோ?” என்றான் கிறகரி.

“பாத்தனான். ஜெனரேற்றருக்கு எண்ணெய்க் காசு குடுத்துத்தானே பாத்தனான்!”

“அப்ப மிசின் போனால் என்ன செய்வாய்? பாஸிலை உன்ரை பேரும்தான் கிடக்கு. நான் இன்னொருக்கால் இடம்பெயர ஏலாது, சொல்லிப்போட்டன்.” கிறகரி ஊசியை வலையில் குத்திவிட்டு அருள்நாயகியைப் பார்த்தான். “ஆனா அக்கா, ஒரு கதை. கடன் முடிஞ்சவுடனை இந்த ஆறாம் ஆளை இறக்கக் கூடாது. முடிஞ்ச பிறகு அவன் எங்கள் மூண்டு பேற்றையும் ஆள். அவன்ரை பங்கு மூண்டு பேருக்கும் சேர்ந்து கிடக்கட்டும். நாங்கள் இப்ப குடுக்கிறது அப்ப திரும்பி வரும்.”

அந்த யோசனை அருள்நாயகிக்கு வரவில்லை. அட்டை கிடைக்காத கிறகரிக்குத்தான் வந்தது.

வலன்ரைன் ஆறாவது கோட்டைப் பார்த்தான். “வேலை செய்யான். தண்ணி இறைக்கான். வலை இழுக்கான். பங்குக்கு மட்டும் முன்னுக்கு வந்து நிப்பான். இது ஆரெண்டு தெரியுமே? எமிலியானுஸ் அண்ணை!”

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெயரில் ஒருவர் முன்னொரு காலத்தில் வின்சன்ரின் தகப்பனோடு தொழிலுக்குப் போனதாகவும், வலை இழுக்கும் நேரம் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார் என்றும் ஊரில் ஒரு பகிடி இருந்தது. அவரைக் கண்ட ஞாபகம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. அருள்நாயகியும் சேர்ந்து சிரித்தாள். பால்மாப் பேணியின் மூடியில் ஒரு ஓட்டை போட்டு, அந்தப் பெயரை அவளே வடிவாக எழுதி ஒட்டினாள்.

*

செப்டெம்பரில் கடல் முழுதாகத் திறக்கவில்லை. அந்த மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான் சேர்ந்தது. வட்டிக்கு அது காணும், அவ்வளவுதான். ஒக்ரோபரில் சோளகம் அடங்கிக் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. ஏழாயிரத்து எழுநூறு. ஒவ்வொரு சனியும் அருள்நாயகி சங்க அலுவலாய் மன்னாருக்குப் போகும்போது பேணிக் காசையும் கொண்டுபோனாள். பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து சங்கத்து அலுமாரியில் கோத்து வைத்தாள். மார்கழியில் அருவியாறு பெருகிப் பாலத்துக்கு மேலால் பாய்ந்தபோது இரண்டு சனி போக முடியவில்லை. மூன்றாம் சனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக் கடந்தாள். பேணி தலையில் இருந்தது.

கரையில் பங்கு பிரிக்கும்போது ஒவ்வொரு நாளும் பகிடி.

“எமிலியானுஸ் அண்ணை, இண்டைக்கும் வயித்துக் குத்தோ?”

“அவரை ஒண்டும் சொல்லாதை. முன் அணியத்திலை படுத்திருக்கிறார், மெல்லப் போ.”

ஜனவரியில் ஒருநாள் பகிடி நின்றது. அன்று பெரிய சீலா மீன் கூட்டமாய்ப் பட்டது. எண்ணெய் போகப் பதினாலாயிரத்து நானூறு. ஒரு பங்கு இரண்டாயிரத்து நானூறு. வின்சன்ட் பேணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நோட்டுகளை விடவில்லை.

“கிறகரி, தங்கச்சிக்கு இந்த மாதம் கோயிலிலை உறுதிபூசுதல். சட்டை தைக்க வேணும். எமிலியானுசுக்கு இண்டைக்கு நானூற்றைம்பது போடுவம். வழக்கமாப் போடுறது அவ்வளவுதானே?”

வலன்ரைன், “ஓமடா, அவருக்கேன் இவ்வளவு,” என்றான்.

கிறகரி எழும்பவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. “போன கிழமை மூண்டு நாள் ஒண்டும் படேல்லை. அந்த மூண்டு நாளும் எமிலியானுஸ் உன்னட்டை வந்து கேட்டவரோ? இல்லையே. அப்ப இண்டைக்கு நீ அவருக்குக் குறைக்கிறது என்ன நியாயம்? பங்கெண்டால் பங்கு. என்ரை பங்கிலை குறைக்கச் சொன்னால் நான் உன்ரை படகிலை ஏறன்.”

வின்சன்ட் இரண்டாயிரத்து நானூறையும் போட்டான். கோபத்தில் பேணியின் மூடி நெளிந்தது. தங்கச்சியின் சட்டையை அருள்நாயகி, தன் தங்கச்சியின் பழைய உறுதிபூசுதல் சட்டையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். பெப்ரவரி முடிவில் நிலுவை இருபதினாயிரத்துக்குக் கீழே இறங்கியது. அவள் பயிற்சிக் கொப்பியில் இப்போது ஒவ்வொரு வரியும் மேல்வரியைவிடச் சிறியதாய் இருந்தது. அந்தப் பக்கங்களைப் பார்ப்பது அவளுக்கு அந்தக் காலத்தில் ஒரு சுகம்.

எல்லாம் இப்படி ஒப்பேறியது என்று சொல்ல முடியாது. அவள் கையெழுத்து வைத்த மற்ற ஆறு பேரில் ஐந்து பேர் தங்கள் படகுகளிலும் ஒவ்வொரு எமிலியானுசை ஏற்றினார்கள். ஆறாவது பெடியன் ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கட்டாருக்குப் போய்விட்டான். அவனுடைய பதினெட்டாயிரத்தை அருள்நாயகி தன் சம்பளத்திலிருந்து இரண்டு வருடம் கட்டினாள். அவன் பெயரைக் கேட்டால் இன்றும் கதையை மாற்றிவிடுவாள்.

*

இரண்டாயிரத்து ஆறு, மே மாதம் இரண்டாம் சனி. அமிர்தநாயகம் நிலுவை சைபர் என்று எழுதிச் சீல் வைத்தார். அருள்நாயகி கேட்காமலே வைத்தார். மிசினின் எண் எழுதிய விண்ணப்பத்தையும் திருப்பிக் கொடுத்தார். அவள் அதைக் கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பேச்சுப்படி எமிலியானுஸ் இறங்கவில்லை. மேலும் ஐந்து கிழமை அவருடைய பங்கு பேணியில் விழுந்தது. யூன் நடுவில் சண்டை திரும்பியது. ஒரு காலை கரைக்குப் போனவர்களைக் கடற்படை திருப்பி அனுப்பியது. கடல் பூட்டு.

நாற்பத்து மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. பேணியைத் திறந்தபோது ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. மூன்று வீட்டுக்கும் அரிசி, மா, சீனி என்று அருள்நாயகி எழுதி எழுதிப் பிரித்தாள். ரீவிப் பெட்டியின்மேல் செபஸ்தியம்மா அரிசிச் சாக்கை வைத்தாள். பார்க்க ஜெனரேற்றருக்கு எண்ணெயும் இல்லை, மனமும் இல்லை. வலன்ரைன் தன் வீட்டுப் பங்கு அரிசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னான்:

“எமிலியானுஸ் அண்ணை இப்பதான் முதல் முறையா வலை இழுக்கிறார்.”

நாற்பத்து நாலாம் நாள், எல்லாப் படகும் மிசினோடு கரைக்கு வர வேண்டும், எண் பார்த்துப் புதுப் பாஸ் கொடுக்கப்படும் என்று அறிவித்தார்கள். சங்கத்தின் பட்டியலோடு அருள்நாயகி கடற்படை அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றாள். படகுகள் வரிசையாய் நின்றன. அதில் இரண்டு படகின் பின்பக்கம் மிசின் இல்லாமல் மொட்டையாய் இருந்தது. வேறு ஊர்க்காரப் பெடியள், வேறு கடன். அதிகாரி அவற்றைத் தாண்டிப் போனார், பாஸ் எழுதவில்லை. அந்தப் பெடியள் தங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வின்சன்ரின் படகடிக்கு வந்தார்கள். கடற்படைக்காரன் குனிந்து மிசினின் தகட்டைத் துடைத்தான். உப்புப் படிந்து எழுத்து மங்கியிருந்தது.

“நம்பர் என்ன? தெரியேல்லை.”

“நாலு, ஒண்டு, ஏழு, சைபர், ஆறு,” என்றாள் அருள்நாயகி, பட்டியலைப் பார்க்காமலே.

அவன் விரலால் தடவித் தடவிப் பார்த்துத் தலையாட்டினான். “எத்தனை ஆள்?”

வலன்ரைன் வாயைத் திறந்தான். கிறகரி அவன் காலை மிதித்தான்.

“மூண்டு,” என்றான் வின்சன்ட்.

பாஸ் எழுதப்பட்டது. அடுத்த நாள் விடிய அவர்கள் கடலில் இருந்தார்கள். அன்று பட்டது சூடையும் காரலுமாய்க் கொஞ்சம் பொடி மீன். ஆறாம் பங்குக்கு வந்தது அறுபது ரூபா. வின்சன்ட் அதை முதலில் எடுத்துப் பேணிக்குள் போட்டான். பிறகு இடம்பெயர்வு வந்தது, மிசினும் பேணியும் உழவு இயந்திரத்தில் ஏறி நானாட்டானுக்குப் போயின, எல்லாம் முடிந்து திரும்பியும் வந்தன. அந்த வழக்கமும் கூடவே திரும்பி வந்து, புதிதாய்த் தொழிலுக்கு இறங்கிய இளந்தாரிகளின் படகுகளுக்கும் பரவியது.

*

எமிலியானுஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார். கடைசியில் சட்டையை மெல்லத் தூக்கினார். வயிற்றுக்குக் குறுக்கே கையளவு நீளத்தில் ஒரு தழும்பு.

“இராமநாதபுரம் ஆசுப்பத்திரியிலை வெட்டினது பிள்ளை. குடலிலை புண். இன்னும் ஒரு வருசம் பிந்தி வந்திருந்தால் ஆள் இல்லை எண்டு டொக்டர் சொன்னவர். இஞ்சை இருக்கேக்கை ஒருத்தரும் நம்பேல்லை.”

அருள்நாயகி தழும்பைப் பார்த்தாள். தன் கையால் எழுதிப் பேணியில் ஒட்டிய பெயரை நினைத்தாள். இதிலும் அவள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலேதான் கையெழுத்து வைத்திருக்கிறாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நாளைக்கே பேரை மாத்தச் சொல்லுறன்.”

“ஏன் மாத்துவான்? இருபது வருசம் நான் இல்லாத ஊரிலை என்ரை பேரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கினம். எனக்கு அதெங்கை கிடைக்கும்?” என்றவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: “ஆனா ஒரு நாள் பங்காவது எனக்குத் தரவேணுமோ இல்லையோ?”

அடுத்த நாள் வின்சன்ட் தன் படகின் அன்றைய ஆறாம் பங்கைக் கொண்டுவந்து, வெட்கத்தோடு அவர் கையில் வைத்தான். எமிலியானுஸ் எச்சில் தொட்டு எண்ணினார். சுருட்டுக்கு ஒரு இருபது ரூபாவை உருவிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தா தம்பி, பேணிக்குள்ளை போடு. மேற்காலை மேகம் கட்டுது பார். நாளைக்குக் கடலுக்குப் போகேலாது.”